ஹால் கடிகாரம் ஏன் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது? கடிகார நேரமும் நாமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளில் பாதி, வீட்டுக்கு வந்தவர்கள் ஹால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டவை. மீதி, பஸ்ஸைத் தவறவிட்டு நிறுத்தத்தில் நின்றபோது எனக்கு நானே கேட்டுக்கொண்டவை. வரிசை எதுவும் கிடையாது. பிடித்த இடத்திலிருந்து படிக்கலாம்.

கடிகாரத்தைப் பத்து நிமிடம் வேகமாக வைத்தால் சீக்கிரம் கிளம்புவோமா?

முதல் வாரம் கிளம்புவோம். அதற்குள் மனம் கழித்தல் கணக்கைக் கற்றுக்கொண்டுவிடும்.

எங்கள் வீட்டில் கடிகாரத்தை வேகமாக வைத்தது அப்பா. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். தெருமுனைக்கு டவுன் பஸ் 8.20க்கு வரும். கடிகாரம் 8.20 காட்டினால் உண்மையில் 8.10தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் பதறமாட்டோம். 8.26 காட்டும்போதுதான் செருப்பைத் தேடுவோம். விருந்தாளிகள் மட்டும் "ஐயோ, இவ்வளவு நேரமாயிடுச்சா" என்று எழுந்துவிடுவார்கள். அந்த ஒரு பலனாவது இருக்கிறதே என்பாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் நின்றுவிட்டது. வந்திருந்த சித்தப்பா செல் மாற்றி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரியாக வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சரியாக வைத்ததைப் போய் யார் சொல்வார்கள்? மறுநாள் நானும் அக்காவும் 8.26 வரை உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாக இறங்கினோம். நிறுத்தத்தில் ஆளே இல்லை. பெட்டிக்கடைக்காரர், "இன்னைக்கு கரெக்ட் டயத்துக்கு வந்துட்டுப் போயிருச்சே" என்றார். அன்று மாலை அப்பா நாற்காலி போட்டு ஏறி, முள்ளைத் திரும்பவும் பத்து நிமிடம் தள்ளிவைத்தார். "சரியா வச்சா இந்த வீட்டுல ஒருத்தருக்கும் டைம் தெரியமாட்டேங்குது."

எத்தனை நிமிடம் வேகம் என்று தெரிந்துவிட்டால் கடிகாரத்தின் அதிகாரம் அத்தோடு போயிற்று. ஏழா, பத்தா, பன்னிரண்டா என்று நிச்சயமில்லாத கடிகாரம்தான் கொஞ்சம் பயமுறுத்தும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு முள்ளைத் திருப்பி வைத்தால் பலன் இருக்கலாம். நான் செய்து பார்த்தேன். இரண்டாம் நாளே போனை எடுத்து எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துவிட்டேன்.

போனில் தெரிவதுதானே சரியான நேரம்?

சட்டப்படி சரி. சூரியனைக் கேட்டால் வேறு சொல்லும்.

இந்திய நேரம் கிழக்கு தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சென்னைக்கு நேர் கிழக்கே அந்தக் கோடு கடலுக்குள் கிடக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். அதனால் சென்னையில் சூரியன் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடமும், கோவையில் 22 நிமிடமும் பிந்தி வருகிறது. போதாததற்கு பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது, அதன் பாதையும் சரியான வட்டம் இல்லை. அதனால் இந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் கூடிக் குறையும். பிப்ரவரி நடுவில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது 12.23 வாக்கில், கோவையில் 12.36 வாக்கில். நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் 11.52க்கே உச்சிவேளை முடிந்துவிடும். "மத்தியானம் 12 மணி வெயில்" என்று நாம் சொல்வது பெரும்பாலான நாட்களில் கொஞ்சம் முந்திக்கொண்டு சொல்வதுதான்.

முன்பு சென்னைக்கென்றே ஒரு நேரம் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வுக்கூடத்தின் கணக்குப்படி அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். ஊருக்கு ஒரு நேரம் வைத்து ரயில் ஓட்ட முடியாது என்பதால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் இந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 அன்று, கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் என்ற இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது மெட்ராஸ்காரர்கள் 9 நிமிடத்துக்கும் குறைவாக முள்ளைத் தள்ளினால் போதுமாக இருந்தது. பம்பாய்க்கோ 39 நிமிடம். ஆலைத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். நகராட்சி 1955 வரை பம்பாய் நேரத்தை விடவில்லை. கல்கத்தாவும் 1948 வரை தன் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. 39 நிமிடத்துக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றும். விடியுமுன் ஆலைக்கு ஓடச் சொன்னால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

கடிகாரத்தில் நாம் பார்க்கும் எண் இப்படி மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு நம் வயிறு, ரோஷம், நல்ல நேரம் எல்லாம் கைகட்டி நிற்பதுதான் எனக்கு வேடிக்கை.

அப்படியானால் காலண்டரில் போட்டிருக்கும் ராகு காலம்?

நம்பிக்கை சரியா தவறா என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. நம்புகிறவர்களின் கணக்குப்படியே பார்ப்போம்.

ராகு காலம் என்பது சூரிய உதயம் முதல் மறைவு வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை ஒதுக்குவது. திங்களுக்கு இரண்டாவது பங்கு, சனிக்கு மூன்றாவது, வெள்ளிக்கு நான்காவது என்று போகும். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று பாட்டி மனப்பாடம் செய்ய வைத்திருப்பாளே, அந்த முதலெழுத்துகள்தான் வரிசை. தினசரி காலண்டரில் திங்கள் 7.30 முதல் 9 வரை என்று போட்டிருப்பது, சூரியன் காலை 6க்கு உதித்து மாலை 6க்கு மறைகிறது என்று வைத்துக்கொண்ட கணக்கு.

ஜனவரி நடுவில் சென்னையில் உதயம் ஏறத்தாழ 6.35, மறைவு 6 மணி சுமாருக்கு. பகல் 11 மணி 25 நிமிடம். எட்டில் ஒரு பங்கு 86 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, அந்தத் திங்களின் ராகு காலம் 8.01க்குத் தொடங்கி 9.26 வாக்கில் முடியும். கோவையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தள்ளிப்போகும். இப்போது காலண்டரைப் பார்த்துவிட்டு வாசலில் காத்திருந்து, 9.05க்கு "ராகு காலம் போயிடுச்சு, கிளம்பு" என்று புது வண்டியை எடுக்கிறோமே, அது ராகு காலத்துக்குள்ளேயே போய் விழுகிறது. காலை 7.40க்கு ஆகவே ஆகாது என்று தள்ளிப்போட்ட வேலையோ சுத்தமான நேரத்தில் இருந்திருக்கிறது.

பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பெரியவர்களுக்கு இது தெரியும். அவர்கள் உதயத்திலிருந்து கணக்குப் போட்டுச் சொல்வார்கள். நமக்குத்தான் 7.30, 9, 10.30 என்று சுத்தமான எண்கள் வேண்டியிருக்கின்றன. ராகுவைவிட நாம் அதிகம் பயப்படுவது காலண்டரில் அச்சிட்ட எண்ணுக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். ஊரோடு ஒத்துப்போக நானும் 9.05க்குத்தான் கிளம்புகிறேன்.

மணி ஒன்று ஆனதும் பசிக்கிறதே, அது நிஜப் பசியா?

பாதி நிஜம். தினம் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் உடம்பு அந்த நேரத்துக்குத் தயாராகிவிடும். மீதிப் பாதியைக் கடிகாரம் சொல்லிக்கொடுக்கிறது.

1968இல் ஸ்டான்லி ஷாக்டர், லாரி கிராஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு தில்லுமுல்லு செய்தார்கள். சோதனைக்கு வந்தவர்களின் கைக்கடிகாரத்தை ஏதோ சாக்குச் சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒரு சுவர்க் கடிகாரத்துக்கு முன் தனியே உட்காரவைத்தார்கள். சிலருக்கு அது மெதுவாக ஓடியது, சிலருக்கு வேகமாக. அரைமணிக்குச் சற்றுமேல் கழித்து ஒரு கடிகாரம் 5.20 காட்டியது, மற்றது 6.05. அப்போது பிஸ்கட் டப்பாவை நீட்டினார்கள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று நினைத்த பருமனானவர்கள் நிறையத் தின்றார்கள். ஒல்லியானவர்களோ அதே 6.05ஐப் பார்த்துக் குறைவாகத் தின்றார்கள். இப்போது கொறித்தால் ராத்திரிச் சாப்பாடு இறங்காதே என்ற கவலை! இதை வைத்துப் பருமனுக்கு ஷாக்டர் சொன்ன பெரிய விளக்கம் பின்னாளில் அவ்வளவாக நிற்கவில்லை. ஆனால் இரண்டு கூட்டமும் வயிற்றைக் கேட்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள் என்பது நிற்கிறது.

ஆபீஸில் 12.50க்கு டிபன் டப்பாவைத் திறந்து பாருங்கள். "என்ன சார், அதுக்குள்ளயா?" என்று நாலு பேர் கேட்பார்கள். பத்து நிமிடம் கழித்து அதே நாலு பேர் டப்பாவோடு வந்து நிற்பார்கள்.

"ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறேன்" என்று நினைத்து 6.04 ஆகிவிட்டால் ஏன் ஏழுக்குத் தள்ளிப்போடுகிறோம்?

முழு மணி நமக்கு வாசற்படி மாதிரி. உள்ளே நுழைவதென்றால் அங்கேதான் நுழைய வேண்டும் என்று நினைக்கிறோம். 6.04க்குப் படிக்க உட்கார்ந்தால் தேர்வில் மதிப்பெண் குறையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போனை எடுத்துவிடுகிறோம், "ஆறரைக்கு" என்று. ஆறரை ஆறு முப்பத்திரண்டாகிறது. அப்புறம் ஏழு. ஏழுக்குச் சாப்பாடு.

முழு எண்ணின் இழுப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு நல்ல சாட்சி மராத்தான் ஓட்டம். ஏறத்தாழ 98 லட்சம் பேர் ஓடி முடித்த நேரங்களை எடுத்து அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 4 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடித்தவர்கள் குவியலாக இருக்கிறார்கள். 4 மணியைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று விழுகிறது. 3, 3.30, 4.30 என்று மற்ற எல்லைகளிலும் இதே கதை. 42 கிலோமீட்டர் ஓடி நாக்குத் தள்ளிய பிறகும், 3 மணி 59 நிமிடத்துக்காகக் கடைசியில் ஒரு மூச்சு மிச்சம் இருக்கிறது. 4 மணி 7 நிமிடத்தை 4 மணி 6 நிமிடம் ஆக்க யாருக்கும் அந்த மூச்சு வருவதில்லை.

அலாரத்தை 5.55க்கு வைப்பவர்களும் இந்த ஜாதிதான். 6க்கு எழுந்தால் சோம்பேறி, 5.55க்கு எழுந்தால் விடியலில் எழுகிறவர்.

"அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்பது பொய்யா?

சொல்கிறவர் பெரும்பாலும் நம்பித்தான் சொல்கிறார். கேட்கிறவரும் அதை மொழிபெயர்த்துத்தான் கேட்கிறார். "கிளம்பிட்டேன்" என்றால் குளிக்கப் போகிறார். "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றால் வண்டிச் சாவியைத் தேடுகிறார். "பக்கத்துலதான்" என்றால்தான் உண்மையில் கிளம்பியிருக்கிறார். ஒரே ஊர்க்காரர்களுக்குள் இது குழப்பமே செய்யாது, எங்கள் ஹால் கடிகாரம் மாதிரி. வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் "அஞ்சு நிமிஷம்" என்பதை ஐந்து நிமிடமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் வம்பு.

ஆனால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வதும் உண்டு. கனடாவில் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். 1994இல் வெளிவந்த ஆய்வு இது. நம் கற்பனையிலுள்ள பெரிய சொதப்பல்கூட நிஜத்தைவிடச் சின்னதாகத்தான் இருக்கிறது. காரணம் எளிது. போகிற வழியைக் கற்பனை செய்யும்போது ரயில்வே கேட் எப்போதும் திறந்தே இருக்கிறது.

அவசரம் என்பது நம் குணத்தையே மாற்றிவிடுமா?

1973இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் பிரின்ஸ்டனில் செய்த சோதனையைப் படித்ததிலிருந்து, காலையில் யாராவது முறைத்துக்கொண்டு போனால் நான் கோபப்படுவதில்லை. போதகர் படிப்புப் படித்த 40 மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் குனிந்து முனகிக்கொண்டு கிடப்பதுபோல் ஏற்பாடு. "இன்னும் நேரமிருக்கிறது" என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். "நேரமாகிவிட்டது, ஓடுங்கள்" என்று அனுப்பியவர்களில் 10 சதவீதம். சமாரியன் கதையைப் பேசப் போனவர்கள் அதனால் கூடுதலாக உதவிவிடவில்லை.

மாலையில் கோயில் வாசலில் நின்று நாயை விசாரிக்கிற அதே மனிதர்தான், காலை 8.50க்கு முட்டுச்சந்தில் எதிரே வந்த மூதாட்டியைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறார்.

வேகமாக ஓட்டினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. 10 கிலோமீட்டரை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 15 நிமிடம். 60இல் 10 நிமிடம். இங்கே 5 நிமிடம் மிச்சம். 80இல் 7.5 நிமிடம், 100இல் 6 நிமிடம். அதே 20 கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டியும் இந்த முறை மிச்சம் ஒன்றரை நிமிடம்தான். ஆனால் 80இலிருந்து 100க்குப் போகும்போதுதான் நிறைய மிச்சப்படுத்துவதாக மனம் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து அதிகமாவதும் அங்கேதான். அந்த ஒன்றரை நிமிடத்தையும் டோல்கேட்டில் கொடுத்துவிடுகிறோம்.

சிக்னலில் விநாடி காட்டும் பலகை நல்லதா?

காத்திருக்க உதவுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரிந்த காத்திருப்பு, தெரியாத காத்திருப்பைவிடச் சுலபம். வரிசைகளின் உளவியல் பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதியதும் இதுதான். சும்மா நிற்கும் நேரம் நீளமாகவும் ஏதாவது செய்துகொண்டிருக்கும் நேரம் குறுகலாகவும் தெரியும் என்றும் அவர் சொன்னார். லிஃப்ட் பக்கத்தில் கண்ணாடி மாட்டுவது அதனால்தான். தலை சீவிக்கொண்டிருக்கையில் லிஃப்ட் வந்துவிடும்.

சிக்னல் பலகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 90, 80, 70 வரை எஞ்சினை அணைத்துவிட்டுச் சமத்தாக இருப்பவர்கள், 5 வந்ததும் ஹார்னில் கை வைக்கிறார்கள். சிவப்பில் இன்னும் ஐந்து விநாடி இருக்கிறது என்று பலகையே சொல்கிறது. முன்னால் நிற்பவர் எங்கே போவார்? 3 வரும்போது பாதிப் பேர் கோட்டைத் தாண்டியாயிற்று. பலகை இல்லாத சந்தியில் இந்தக் கூத்து கிடையாது, பச்சை வந்த பிறகுதான் ஹார்ன்.

இரவு 12.10 ரயிலுக்கு ஏன் இவ்வளவு பேர் தேதி மாறிப் போகிறார்கள்?

நம் மனதில் நாள் விடியலில்தான் மாறுகிறது. பஞ்சாங்கத்திலும் கிழமை உதயம் தொட்டு உதயம் வரைதான். ரயில்வேயின் நாளோ நள்ளிரவில் மாறுகிறது. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.10 என்று இருந்தால் 14ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடித்ததும் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் அத்தை குடும்பத்தோடு 15ஆம் தேதி இரவு 11 மணிக்குப் போய், பெட்டியில் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரோடு சண்டை போட்டிருக்கிறாள். டிக்கெட் பரிசோதகர் வந்து, "அம்மா, உங்க வண்டி நேத்தே போயிடுச்சு" என்றார். புளியோதரையைப் பிளாட்பாரத்தில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். இப்போது அவள் டிக்கெட் வாங்கியதும் நாட்காட்டியில் முந்தின நாளின் பெயரைச் சிவப்பில் வட்டமிடுகிறாள்.

அரசாங்கம் நினைத்தால் நேரத்தை மாற்ற முடியுமா? மாற்றினால் மக்கள் ஏற்பார்களா?

இலங்கையைப் பாருங்கள். மின்சாரத் தட்டுப்பாடு வந்த 1996இல், பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்த மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளினார்கள். அக்டோபரில் அரைமணி பின்வாங்கினார்கள். கிரீன்விச்சுக்கு 6 மணி நேரம் முன்னால் என்ற அந்த ஏற்பாடு 2006 ஏப்ரல் வரை நீடித்தது. பிறகு மறுபடி பழைய 5.30.

இடைப்பட்ட பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 சாலை திறந்தபோது, ஓமந்தைச் சாவடியைக் கடந்து வன்னிக்குள் போகிறவர் முள்ளை அரைமணி பின்னால் திருப்ப வேண்டும். திரும்பி வரும்போது முன்னால். கடவுச்சீட்டு கேட்காத இடத்தில் கைக்கடிகாரம் எல்லையைச் சொன்னது. யாரையாவது சந்திக்க நேரம் குறித்தால் "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்டுக்கொள்வது அவசியமாக இருந்தது. சூரியன் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்தான் உதித்தது. எந்த எண்ணைச் சொல்கிறாய் என்பது நீ யார் பக்கம் என்பதுபோல் ஆகிவிட்டது.

சீனாவில் இது அமைதியாக நடக்கிறது. நாடு முழுக்க பெய்ஜிங் நேரம் ஒன்றுதான் சட்டம். மேற்கே ஷின்ஜியாங்கில் உய்குர் மக்கள் பலர் தங்களுக்குள் இரண்டு மணி நேரம் குறைத்துப் பேசிக்கொள்கிறார்கள். ஸ்பெயின் 1940இல் மத்திய ஐரோப்பிய நேரத்துக்குப் போனது. அங்கே மதியச் சாப்பாடு 2 மணிக்கு, இரவுச் சாப்பாடு 9, 10 மணிக்கு என்றால் நாம் சிரிக்கிறோம். சூரியனை வைத்துப் பார்த்தால் அவர்கள் வயிறு அவ்வளவு தாமதமில்லை. சிங்கப்பூரும் 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து அரைமணி முன்னால் போனது. அங்கே போன புதிதில் நம்மவர்கள், ஏழு மணிக்குத்தான் விடிகிறது, ஊர் சோம்பேறி என்று நினைப்பதுண்டு. எண்தான் முன்னால் போயிருக்கிறது.

அமெரிக்காவில் மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்தள்ளுகிறார்களே, ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்?

பேரப்பிள்ளைகளோடு பேசக் காத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு இரண்டு நாள் குழப்பம். நியூயார்க்கோடு பத்தரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் ஒன்பதரையாகும். அதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. இதே பழக்கமுள்ள ஸ்வீடனின் பதிவுகளை வைத்து 2008இல் வெளிவந்த ஆய்வில், வசந்தத்தில் கடிகாரத்தை முன்தள்ளிய முதல் வாரத்தில் மாரடைப்பு ஏறத்தாழ 5 சதவீதம் கூடியிருந்தது. எண்ணை மாற்றினாலும் தூக்கம் பழைய நேரத்தைத்தான் நம்புகிறது.

தாமதமாக வருபவர்களுக்கு அபராதம் போட்டால் சரியாகுமா?

இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தை எடுத்து, அவற்றில் ஆறில் போட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக 10 நிமிடத்துக்குமேல் தாமதமானால் 10 ஷெக்கல். உரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி இருவரும் இதை 2000இல் எழுதினார்கள். அபராதம் வந்ததும் தாமதம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதுவரை, வீட்டுக்குப் போகாமல் காத்திருக்கும் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்ட பெற்றோர், காசைக் கட்டியதும் கூச்சத்தை விட்டுவிட்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் தாமதம் குறையவில்லை. தாமதத்துக்கு விலை தெரிந்துவிட்டது, அதுவும் இப்போது இலவசம்.

கல்யாணப் பத்திரிகையில் "மாலை 6 மணிக்கு வரவேற்பு" என்று போட்டால் எத்தனை மணிக்குப் போவது?

ஏழரை. 6 மணிக்குப் போனால் மேடையில் பூ கட்டுகிறவரும் நீங்களும்தான் இருப்பீர்கள். ஆனால் மறுநாள் 7.30–9 முகூர்த்தம் என்றால் தாலி அந்த நேரத்துக்குள் ஏறிவிடும். முந்தின நாள் ஒன்றரை மணி நேரத்தைக் காற்றில் விட்ட அதே குடும்பம், காலையில் "இன்னும் ஆறு நிமிஷம்தான் இருக்கு, கெட்டிமேளம்!" என்று கத்தும். நமக்கு நேரம் தவறாமை தெரியாது என்று சொல்கிறவர்களை ஒரு முகூர்த்தத்துக்கு அழைத்துப்போக வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்த அந்தக் கணம் விநாடி முள் நின்றதுபோல் தெரிகிறதே?

முள் நிற்கவில்லை. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது இடையில் தெரிவதை மூளை கணக்கில் எடுப்பதில்லை. அந்த இடைவெளியை, தாவி முடித்ததும் பார்த்த காட்சியை வைத்தே நிரப்பிவிடுகிறது. அதனால் முதல் விநாடி மட்டும் நீண்டதாகத் தோன்றும்.

கடிகாரமே பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும்?

மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962 ஜூலையில் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இறங்கினார். தூங்கும்போதும் எழும்போதும் மேலே இருந்தவர்களுக்குப் போனில் சொல்வார், அவர்கள் நேரம் சொல்லமாட்டார்கள். 120 வரை விநாடிக்கு ஒன்றாக எண்ணச் சொன்னபோது, இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியதை எண்ணி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. செப்டம்பர் 14 அன்று மேலே கூப்பிட்டபோது அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. ஆனால் அவர் உடம்பு இருபத்து நான்கரை மணிக்கு ஒருமுறை ஒழுங்காகத் தூங்கி எழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தவறியது மனக்கணக்கு மட்டும்.

நமக்குக் குகை வேண்டாம், ராத்திரி போதும். நடு இரவில் விழிப்பு வந்தால் போனை எடுத்து மணி பார்ப்போம். 3.10. "இப்ப தூங்கினாலும் ரெண்டே முக்கால் மணி நேரம்தான்" என்று கணக்கு ஓடும். அதோடு தூக்கம் போய்விடும். பார்க்காமல் புரண்டு படுத்திருந்தால் வந்திருக்கும். தூக்க மருத்துவர்கள் படுக்கையறைக் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்வது இதனால்தான். நான் ஆறு மாதமாகப் போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுக்கிறேன். விழிப்பு வந்தால், ஹாலில் அப்பாவின் கடிகாரம் டிக் டிக் என்று கேட்கும். மணி என்ன என்று அது சொல்வதில்லை. எழுந்து போய்ப் பார்த்தாலும் பத்து நிமிடம் கழிக்க வேண்டும், அந்த நேரத்தில் யாருக்குக் கணக்கு வருகிறது?